இடது பையும் வடகாட்டு மண்ணும்

போன மாதம் என்னுடைய ரத்தக் கொதிப்பைப் பார்த்துக்கொள்ள ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். கையில் பட்டையைச் சுற்றிய நர்ஸ் தங்கச்சிக்கு நான் அதே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்று எப்படியோ தெரிந்திருந்தது. எங்கள் செவிலியர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்றார். என்ன எழுதுவது என்று கேட்டேன். “மூளைத்தண்டுல ரத்தக்கசிவுன்னு இப்ப ஸ்கேன் எடுத்துப் பத்து நிமிசத்துல சொல்லிடுதோம். ஸ்கேன் இல்லாத காலத்துல நீங்க எப்படி சார் தெரிஞ்சுக்கிட்டீங்க? பிழைப்பாங்களா மாட்டாங்களான்னு எதை வச்சுச் சொன்னீங்க?” என்றார்.

“டாக்டரோட கோட்டுப் பையை வச்சு” என்றேன்.

அந்தத் தங்கச்சி சிரித்தார். அவருக்கு நான் சொன்னது தமாஷ். நடந்ததைச் சொன்னால்தான் புரியும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் நான் எப்படி இந்தத் தொழிலுக்கு வந்தேன் என்பதை இரண்டு வரியில் முடித்துவிடுகிறேன். போலீசுக்கு ஆள் எடுத்தார்கள். போனேன். மார்பளவு அரை அங்குலம் குறைந்தது. மூச்சை இழுத்துப் பிடித்தும் பார்த்தேன், நாடாதான் சிரித்தது. உடனே அப்பா திருநெல்வேலியில் நர்ஸ் பயிற்சிக்கு அனுப்பிவிட்டார். மூன்று வருஷம் படித்தேன். முதன்முதலாக ஊசி போட்ட அன்று நோயாளி எழுந்து போய் எனக்குச் சோடா வாங்கி வந்தார் என்பதைத் தவிர அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பிறகு கோவில்பட்டியில் வேலை. ஆஸ்பத்திரியில் டாக்டர் அல்லாத ஆம்பளை எல்லாரும் கம்பவுண்டர் என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். அதனால் கடைசி நாள்வரை நான் கம்பவுண்டர் செல்லையாதான்.

இனி எங்கள் பெரிய டாக்டர். நல்ல உயரம், குரல் மட்டும் தாழ்ந்தது. நோயாளியிடம் வந்ததும் கட்டிலின் கால்மாட்டில் நிற்பார். ஒரு நிமிஷம் எதுவும் பேச மாட்டார். நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணுவார். பிறகு பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார். புருவ எலும்பில் கட்டைவிரலால் அழுத்துவார். இமையைப் பிரித்து, கோட்டுப் பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்து அடிப்பார். இந்த வரிசை ஒரு நாளும் மாறியதில்லை. எல்லாம் முடிந்தபின் சொந்தக்காரர்களிடம் அவர் சொல்வதும் மூன்றே வாக்கியம்தான். “சரியாயிடும்.” “கஷ்டம்தான்.” “நாளைக்குப் பார்ப்போம்.” இதில் மூன்றாவதுதான் அதிகம். அதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் தெரியாது. கேட்கும் தைரியமும் யாருக்கும் கிடையாது.

கேட்கத் தைரியமில்லாத இடத்தில் சோசியம் முளைக்கும். எங்கள் வார்டிலும் முளைத்தது. டார்ச்சை அவர் இடது பையில் போட்டால் நோயாளி பிழைப்பார், வலது பையில் போட்டால் மாட்டார். கண்டுபிடித்தவன் நான்தான். பலித்ததையெல்லாம் ஞாபகம் வைத்துக்கொண்டேன், பலிக்காததை மறந்துவிட்டேன். எல்லாச் சோசியக்காரனும் செய்வது அதைத்தான். வார்டில் பெருக்குகிற அம்மா வரைக்கும் டாக்டர் பையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

இப்படியிருக்கும்போதுதான் வெங்கடசாமி வந்தார். எண்பதுகளின் ஆரம்பம், புரட்டாசி மாதம். பசுவந்தனைக்குத் தெற்கே ஓர் ஊர். சொந்தமாகக் கரிசல் காடு வைத்து வெள்ளாமை செய்த சம்சாரி, வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். காட்டுக்கு மாட்டுவண்டியில் குப்பை உரம் அடித்துக்கொண்டிருந்தவர், பிடரி வலிக்குது என்று வண்டியை நிறுத்தியிருக்கிறார். வாந்தி எடுத்திருக்கிறார். பேச்சு குழறியிருக்கிறது. அப்படியே விழுந்துவிட்டார். தூத்துக்குடியிலிருந்து வந்த உப்பு லாரியை மறித்து, மூட்டைகள் மேல் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். கூட அவர் மனைவி சீனியம்மாளும் மைத்துனர் சுப்பையாவும்.

கை கால் நாலும் அசையவில்லை. உடம்பு அனலாய்க் கொதித்தது. கொதிப்பு பார்க்கும் மெர்க்குரி கருவியில் பாதரசம் ஏறிக்கொண்டே போனதைப் பார்த்து, கருவிதான் கெட்டுப்போச்சு என்று நான் தட்டிப் பார்த்தேன். டாக்டர் இமையைப் பிரித்தார். இரண்டு கண்ணிலும் பாப்பா குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. ஒரு பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்து, டார்ச்சை அடித்து, “பார்” என்றார். அந்தக் குண்டூசி முனையும் வெளிச்சத்துக்கு ஒரு மயிரிழை சுருங்கியது. “மூளைத்தண்டுல ரத்தம்” என்றார். எங்கள் ஸ்கேன் அவ்வளவுதான்.

மூளை கீழே இறங்கி முதுகுத் தண்டோடு சேரும் இடம் அது. கட்டைவிரல் பருமன்தான். ஆனால் மூச்சு, விழுங்குவது, கண்ணைத் திருப்புவது எல்லாம் அங்கேதான். கைக்கும் காலுக்கும் மூளை அனுப்பும் உத்தரவும் அந்தக் கட்டைவிரல் வழியாகத்தான் போயாக வேண்டும். பிறவியிலேயே ரத்தக்குழாய் சிக்கலாக இருந்து கசிவதும் உண்டு. பெரும்பாலும் காரணம் பழைய ரத்தக் கொதிப்பு. வருஷக்கணக்காக இடி வாங்கிய நூல் போன்ற குழாய் ஒரு நாள் வெடிக்கும். வெங்கடசாமிக்கும் கொதிப்பு உண்டு என்று இரண்டு வருஷம் முன்பே இதே டாக்டர் சொல்லி, மாத்திரை கொடுத்திருக்கிறார். பத்து நாள் தின்றாராம். தலைவலி நின்றதும் நிறுத்திவிட்டாராம். “நல்லா இருக்கவிய எதுக்கு மாத்திரை திங்கணும்னு நாந்தான் சொன்னேன்” என்று சீனியம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். அவரை நான் கேலி செய்ய மாட்டேன். போன மாதம் நான் ஆஸ்பத்திரிக்குப் போனதே ஒரு வாரம் மாத்திரையை மறந்ததால்தான்.

அறுத்து எடுக்க முடியாத இடம். டாக்டர் சொன்ன வைத்தியம் முழுவதும் எங்கள் கையால் செய்யும் வேலை. கொதிப்பை மெதுவாக இறக்க வேண்டும். ஈரத்துணியால் ஒற்றிக் காய்ச்சலைத் தணிக்க வேண்டும். தொண்டையில் சேரும் சளியைக் காலால் மிதிக்கும் பம்ப் வைத்து உறிஞ்ச வேண்டும். மிதித்து மிதித்து என் இடது கெண்டைக்கால் இன்றும் வலது காலைவிடப் பருமன். மூக்கு வழியாகக் குழாய் விட்டுக் கஞ்சித் தண்ணீர். விழுங்கத் தெரியாத தொண்டையில் ஒரு சொட்டு ஊற்றினாலும் அது நேரே நுரையீரலுக்குப் போகும் என்று டாக்டர் என்னிடம் இரண்டு தரம் சொன்னார். எதையும் இரண்டு தரம் சொல்லும் ஆள் இல்லை அவர். படுக்கைப் புண் வராமல் இரண்டு மணிக்கு ஒரு தரம் இடம், மல்லாக்க, வலம் என்று புரட்ட வேண்டும். என் கடிகாரம் அடிக்கடி நின்றுவிடும். மில் சங்கையும் பஸ் சத்தத்தையும் வைத்தே புரட்டினேன்.

கசிவு பெரிதென்றால் இரண்டு மூன்று நாள்தான். மூன்று நாளும் தாண்டிவிட்டது. நாலாம் நாள் காலையில் காய்ச்சல் இறங்கியிருந்தது. கண் திறந்திருந்தது. ஆனால் பார்வை ஒரே இடத்தில் நிலைகுத்தி நின்றது. டாக்டர் வந்தார். மூச்சை எண்ணினார், பாதத்தைத் தொட்டார், புருவத்தை அழுத்தினார், டார்ச்சை அடித்தார். “நாளைக்குப் பார்ப்போம்” என்று சொல்லிவிட்டு டார்ச்சை வலது பையில் போட்டார்.

நாலு நாளாகக் குளிப்பாட்டிப் புரட்டிய உடம்பு. டாக்டர் அடுத்த வார்டுக்குப் போனதும், கட்டிலின் தலைமாட்டிலேயே நின்று, உலகத்துக் கருணையையெல்லாம் முகத்தில் கூட்டிக்கொண்டு சீனியம்மாளிடம் சொன்னேன்: “அம்மா, இனி இங்கன வச்சிருந்து பிரயோசனமில்ல. வீட்டுக்குக் கொண்டு போயிருங்க.”

சீனியம்மாள் அழவில்லை. தம்பி சுப்பையாவைக் கூப்பிட்டு, வாடகைக்கு ஒரு பிளஷர் காரும், ஊருக்கு வடக்கே இருந்த அவர்கள் நிலமான வடகாட்டிலிருந்து ஒரு கை மண்ணும் கொண்டுவரச் சொன்னார். எங்கள் பக்கத்தில் உயிர் பிரியாமல் இழுத்துக்கொண்டு கிடந்தால், நிலத்து மேல் ஆசை என்பார்கள். அவர் பாடுபட்ட காட்டு மண்ணையே பாலில் கரைத்து வாயில் விட்டால் நிம்மதியாகப் போய்விடுவார் என்பது நம்பிக்கை. சுப்பையா பஸ் ஏறிப் போனார்.

மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் இருக்கும். டாக்டர் ஆபரேஷன் அறைக்குள் போய்விட்டார். நாலு மணிக்கு முன் வெளியே வர மாட்டார். சீனியம்மாள் குழாயடியில் முகம் கழுவப் போயிருந்தார். கட்டிலில் வெங்கடசாமி, பக்கத்தில் நான், கட்டிலோரப் பெட்டிமேல் ஒரு காரச்சேவுப் பொட்டலம். பார்க்க வரும் சொந்தக்காரர்களுக்காக சீனியம்மாள் வாங்கி வைத்தது. முதல் நாளிலிருந்தே அதில் ஒரு பங்கு எனக்கு என்று நானாகவே முடிவு செய்திருந்தேன். மயக்கத்தில் இருப்பவரிடம் கேட்டா எடுக்க முடியும்?

பொட்டலத்தை இடது கையில் வைத்துக்கொண்டு கட்டிலுக்கு எதிரே நின்று தின்றேன். நாலாவது வாய் எடுக்கும்போதுதான் ஒரு மாதிரி இருந்தது. கை பொட்டலத்துக்குப் போகும்போது வெங்கடசாமியின் கண் கீழே போனது. கை வாய்க்கு ஏறும்போது கண்ணும் மேலே ஏறியது. மறுபடி கையை இறக்கினேன். கண்ணும் இறங்கியது. ஒரு சேவை எடுத்துப் பாதி வழியில் நிறுத்தினேன். கண்ணும் பாதி வழியில் நின்றது.

திருடும்போது போலீஸிடம் மாட்டினால்கூட அப்படி வியர்த்திருக்காது. பொட்டலத்தை வைத்துவிட்டுக் குனிந்தேன். “அண்ணாச்சி, நான் பேசுதது கேக்குதா? கேட்டா மேல பாருங்க” என்றேன். பார்த்தார். “இப்ப கீழ.” பார்த்தார். பக்கவாட்டில் பார்க்கச் சொன்னேன். அது மட்டும் முடியவில்லை. நாக்கு, விரல், கால் எதுவும் அசையவில்லை. மேலும் கீழும் போகும் கண் மட்டும்தான் அவருக்கு மிச்சம். அதை வைத்துக்கொண்டு அந்த மனுஷன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டும் கேட்டுக்கொண்டும் கிடந்திருக்கிறார். எல்லாவற்றையும் என்றால், காலையில் அவர் தலைமாட்டில் நின்று நான் சொன்னதையும்.

வெளியே பிளஷர் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

சுப்பையா துண்டில் மண்ணை முடிந்துகொண்டு வந்தார். சீனியம்மாள் கையில் பால் டம்ளர். வழியிலேயே உயிர் போய்விட்டால் மண் கிடைக்காமல் போய்விடுமே என்று, காரில் ஏற்றுவதற்கு முன்பே ஊற்றிவிட முடிவு செய்திருந்தார்கள். நான் குறுக்கே நின்றேன். அண்ணாச்சிக்கு நினைவு இருக்கிறது, கண்ணால் பேசுகிறார், பால் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும் என்று ஒரே மூச்சில் கொட்டினேன். எனக்கே அது பொய் மாதிரிக் கேட்டது.

“காலைல பிரயோசனமில்லன்னு சொன்னதும் நீருதான். இப்ப பேசுதாருன்னு சொல்லுததும் நீருதான்” என்றார் சுப்பையா. “எதுய்யா நெசம்?”

“இதுதான் அண்ணாச்சி.”

“அப்ப காலைல டாக்டரு சொன்னது?”

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை, அவர் பையைப் பார்த்து நானே சொன்னேன் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அந்த ஒரு கணம் நான் வாயை மூடிக்கொண்டு நின்றதற்காக இன்றுவரை வெட்கப்படுகிறேன். சுப்பையா என்னை ஒதுக்கினார். சீனியம்மாள் ஒரு சிட்டிகை மண்ணைப் பாலில் கரைத்து, புருஷன் தலையைத் தூக்கி, டம்ளரை உதட்டருகே கொண்டுபோனார். வெங்கடசாமியின் கண் மேலேயும் கீழேயும் வேகமாகப் போனது. யாரும் பார்க்கவில்லை.

நான் டம்ளரைப் பிடுங்கி, முழுவதையும் குடித்துவிட்டேன்.

தட்டிவிட்டிருக்கலாம். கீழே கொட்டியிருக்கலாம். ஏன் குடித்தேன் என்று எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். தெரியவில்லை. கரிசல் மண் பாலில் லேசில் கரைவதில்லை என்பதும், பல்லில் ஒட்டினால் சாயங்காலம் வரை போகாது என்பதும் மட்டும் தெரியும்.

சாகப்போகிறவருக்கு வைத்த பாலைக் கம்பவுண்டர் குடித்தால் என்ன செய்வது என்று எந்தச் சாஸ்திரத்திலும் சொல்லியிருக்காது. சுப்பையா என் சட்டையைப் பிடித்தார். “அடிங்க அண்ணாச்சி, அதுக்கு முந்தி ஒரு தரம் அவிய கண்ணைப் பாருங்க” என்றேன். வாயெல்லாம் கறுப்பாக நான் சொன்ன விதத்தில் அவருக்கே கொஞ்சம் பயம் வந்திருக்க வேண்டும். பிடி தளர்ந்தது.

சீனியம்மாள் இதையெல்லாம் கவனிக்கவில்லை. அவர் விரலில் ஒட்டியிருந்த மண்ணைத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஏலே சுப்பையா, இது வடகாட்டு மண்ணா? ஈரமா இருக்கு?”

“நேத்து நல்ல மழைக்கா. ஈரம் முழத்துக்கு இறங்கியிருக்கு.”

அந்த அம்மாளுக்கு என்ன தோன்றியதோ, புருஷன் முகத்துக்கு நேரே குனிந்தார். “இந்தாங்க, கேக்குதா? வடகாட்டுல மழை. பருத்தி போட்டுரட்டுமா? போடணும்னா மேல பாருங்க.”

கண் கீழே போனது.

“அப்ப கம்பா?”

கீழே.

“உளுந்து?”

கீழே. “பாத்தீரா, அத்தான் கண்ணு சும்மா ஆடுது” என்று சுப்பையா திரும்பிக்கொண்டார். எனக்கும் உயிர் போய்விட்டது. சீனியம்மாள் மட்டும் அசையவில்லை. குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “ஒண்ணும் போட வேண்டாமா? அடுத்த மழை பாக்கணுமா?”

கண் மேலே போனது. போய் அங்கேயே நின்றது.

சீனியம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். நாலு நாளாக அடக்கி வைத்திருந்த அழுகை. “அவியதான்லே. வருசா வருசம் இதே சண்டைதான். முதல் மழைக்குப் போடுவோம்பேன். அடுத்த மழை வரட்டும்பாவ. அவியளேதான்.”

நாலு மணிக்கு டாக்டர் வந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், வெங்கடசாமியின் கட்டிலருகிலேயே வைத்து. சேவு தின்றதைச் சொன்னேன். மண்ணைக் குடித்ததைச் சொன்னேன். கடைசியாகப் பையைச் சொன்னேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குக் கோபம் வந்தால் அதுதான் அடையாளம். பிறகு கோட்டின் இடது பைக்குள் கையை விட்டார். கீழே கிழிசல் வழியாக இரண்டு விரல் வெளியே எட்டிப் பார்த்தது.

“முந்தாநாள் கிழிஞ்சது” என்றார். “எந்தப் பை தோதோ அதுல போடுவேன் செல்லையா. நாளைக்குப் பார்ப்போம்னா, நாளைக்குப் பார்ப்போம்னுதான் அர்த்தம். இனிமே என் வாயைப் பாரு.”

என்னை வேலையை விட்டுத் தூக்குவார் என்று நினைத்தேன். அவர் சீனியம்மாளிடம் திரும்பி, என்றைக்கும் இல்லாத அதிசயமாக, மூன்று வாக்கியத்துக்கு மேல் பேசினார். மூளை விழித்திருக்கிறது, கை காலுக்குப் போகும் பாதையில்தான் ரத்தம் கட்டி நிற்கிறது, கசிவு சின்னது என்றால் மெல்ல வடியும், வடிந்தபின் எவ்வளவு பாதை மிச்சமிருக்கும் என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. மாதக் கணக்காகும். அதுவரை சளியும் படுக்கைப் புண்ணும் அண்டாமல் காப்பதுதான் வைத்தியம். “அதுக்கு இந்த ஆள் பொறுப்பு” என்று என்னைக் காட்டினார். தண்டனை அதுதான்.

சீனியம்மாளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் மிச்சச் சேவை என் கையில் கொடுத்து, “திங்கணும்னா அவியகிட்ட கேட்டுட்டுத் தின்னுங்க” என்றார். அதன் பிறகு கேட்டுத்தான் தின்றேன். பாதி நாள் கீழே பார்த்துவிடுவார்.

அன்று சாயங்காலமே டாக்டரின் கோட்டை வாங்கி, தையல் போடும் ஊசியும் நூலும் எடுத்து அந்தப் பையை நானே தைத்தேன். ஏழு தையல். வயிற்றுக்குப் போடுவதைவிடக் கவனமாகப் போட்டேன்.

மறு வாரம் முழுக்க மழை இல்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. ஊரில் முதல் மழைக்குப் போட்டவர்களின் பயிர் பச்சை காட்டியது. வடகாடு சும்மா கிடந்தது. சீனியம்மாள் தினமும் வந்து கட்டிலருகே நின்று அதை விவரமாக எடுத்துச் சொல்வார். வெங்கடசாமி கண்ணை மூடிக்கொள்வார். சண்டையிலிருந்து எழுந்துபோக அவருக்கு இருந்த ஒரே வழி அது. எனக்கு அது நல்ல அறிகுறியாகத்தான் பட்டது.

ஆறாவது வாரம் எச்சிலை விழுங்கினார். ஒரு கரண்டி கெட்டிக் கூழ் கொடுத்து, தலையை முன்னால் குனியவைத்து, இருமுகிறாரா என்று காத்திருந்து, அடுத்த கரண்டி. அந்த ஒரு கிண்ணத்துக்கு ஒரு மணி நேரம். பிறகு இடது கைப் பெருவிரல் ஆடியது. பிறகு முழங்கை. மூக்குக் குழாயை எடுத்த அன்று வார்டுக்கே சுக்குக் காப்பி வந்தது. மூன்றாம் மாதம் பேச்சு வந்தது, களிமண்ணை மென்றுகொண்டு பேசுவது போல. முதல் வார்த்தைக்காக எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். “சேவு” என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை. அதே நோயோடு பின்னால் வந்த பலரை இரண்டு நாளில் அனுப்பிவைத்திருக்கிறேன். சிலருக்கு உயிர் தங்கியது, ஆனால் அசைவு கண்ணோடு நின்றுவிட்டது. வெங்கடசாமிக்குக்கூட வலது கை கடைசிவரை சொன்னபடி கேட்கவில்லை. ஆனாலும் அவருக்குப் பிறகு, கண் திறந்து கிடக்கும் எந்த நோயாளியையும் மேலே பாருங்கள், கீழே பாருங்கள் என்று கேட்காமல் நான் விட்டதில்லை. அவர்கள் தலைமாட்டில் நின்று அவர்களைப் பற்றிப் பேசியதும் இல்லை.

ஒரு வருஷம் கழித்துக் கொதிப்பைப் பார்க்க வந்தார். இடது கையில் கம்பு, பின்னால் சீனியம்மாள், அவர் மடியில் மாத்திரைப் பொட்டலம். பஸ் நிறுத்தத்திலிருந்து தானே நடந்து வந்ததாகச் சொன்னார்கள். டாக்டர் பாதத்தைத் தொட்டார், இமையைப் பிரித்தார், டார்ச்சை அடித்தார். பிறகு என்னைப் பார்த்தார். வெங்கடசாமியைப் பார்த்தார். டார்ச்சை நிதானமாக இடது பையில் போட்டுவிட்டு, “சரியாயிடும்” என்றார்.

வெங்கடசாமி கம்பால் என் காலைத் தட்டினார். ஒவ்வொரு எழுத்தாக மென்று சொன்னார்:

“ஏலே கம்பவுண்டரு… கிழிஞ்சிருக்கான்னு… பாத்துக்கோ.”

டாக்டர் சிரித்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். கோட்டை விரித்துக் காட்டினார். கையை விட்டுப் பார்த்தேன். ஏழு தையலும் இருந்தபடியே இருந்தது.